ராக்கம்மா அக்கா கேட்காத இரண்டு வசனங்கள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பது பத்திரிகை அலுவலகத்தில் இதை டைப் செய்யும் தங்கைக்குத் தெரியும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்ற சண்டை எனக்கு இன்னும் தீரவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நீங்களும் வாரா வாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, பிழைகளைத் திருத்துங்கள். வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கொஞ்ச நாட்களாக இந்த இடத்தில் நான் இல்லை. உடம்பு சரியில்லை என்று போட்டிருந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வரவில்லை. அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை பொகவந்தலாவை பஸாரில் ஒரு பேக்கரி வாசலில் நின்றேன்.

"ஒரு றாத்தல் பாண் குடுங்க நானா. கோயிலுக்கு."

பேக்கரி நானா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கோயிலுக்குப் பாணா? நீங்க ரொட்டி சுட்டுத்தானே பிச்சுக் குடுக்கிற? மாசா மாசம் எஸ்தர் வந்து மா வாங்குவாவே... இந்த மாசம் காணல்லியே. சுகமில்லையா?"

"சுகந்தாங்க."

"அப்ப என்ன?"

"பாஸ்டர் பாண் வாங்கியாரச் சொன்னாரு."

நானா பாணைத் தாளில் சுற்றிக்கொண்டே சிரித்தார். "நான் சுட்ட பாண்ல உங்கட பூசையா? பள்ளிவாசல்ல தெரிஞ்சா என்னைய ஏசப் போறாங்க!"

நானும் சிரித்தேன். வளைவு தாண்டும் வரைதான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

முஸ்லிம் நானா சுட்ட பாணில் எங்கள் சபையின் திருவிருந்து நடக்கலாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை — நல்ல பாண், மெத்தென்று இருக்கும். ஆனால் இந்தச் சபையிலேயே பிறந்து, இந்தச் சபையிலேயே தலை நரைத்த எஸ்தர் அக்கா சுட்ட ரொட்டியில் நடக்கக் கூடாது. ஏன்?

அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்லத் தெரிகிறதா பார்க்கலாம்.

எஸ்தர் அக்காவும் ராக்கம்மா அக்காவும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்துக் காம்பரா. இரண்டு பேரும் கொழுந்து பறிப்பவர்கள். நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். எஸ்தர் அக்கா கல்யாணமே செய்யவில்லை. ராக்கம்மா அக்கா வலப்பனைப் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அண்ணன் வீட்டில் அம்மனைக் கும்பிட்டவர், இங்கே வந்துதான் ஞானஸ்நானம் எடுத்தார்.

இரண்டு பேருக்கும் என்ன உறவு? சொந்தமில்லை. ஊரும் ஒன்றில்லை. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு, மழைக்கு ஒரே குடை. 'எஸ்தர் வீட்டு ராக்கம்மா' என்போம். 'ராக்கம்மா வீட்டு எஸ்தர்' என்றும் சொல்வோம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. சுவர்கள் கூரை வரை போகாத ஒரு லயத்தில், கேட்காமல் இருப்பதுதான் மனிதர் மனிதருக்குக் கொடுக்கும் மரியாதை.

ராக்கம்மா அக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அந்தி சாய்ந்ததும் எஸ்தர் அக்கா பைபிள் வாசிப்பார். ராக்கம்மா அக்கா கீரை ஆய்ந்துகொண்டோ அரிசி களைந்துகொண்டோ கேட்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்பேன். வெறுமனே கேட்பதில்லை — என் பைபிளை விரித்து வைத்து, அந்தக் குரலோடு விரலை ஓட்டுவேன். நான் ஒழுங்காக வாசிக்கப் பழகியதே அப்படித்தான். எஸ்தர் அக்காவுக்கு இது இன்றுவரை தெரியாது.

ராக்கம்மா அக்காவுக்கு ரூத்தின் கதை உயிர். நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்கிறாளே, அந்த இடம். "இன்னொருக்கா வாசி எஸ்தரு" என்பார். எத்தனையோ கல்யாணங்களில் நானே அதைக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பெண்ணுக்கு என்று வாசிப்பார்கள். யார் யாரிடம் சொன்னது என்று யாராவது யோசித்திருக்கிறோமா?

ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம் வரும்போது மட்டும் என் விரல் ஓரிடத்தில் பின்தங்கிவிடும். முதல் தடவை, நான்தான் இடத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் தொலைந்தது. பிறகுதான் புரிந்தது. இரண்டு வசனங்களை எஸ்தர் அக்கா வாசிப்பதில்லை. லேவியராகமத்தில் ஆணோடு ஆண் சேர்வதைப் பற்றி வரும், அதை வாசித்துவிடுவார். இதைத்தான் விடுவார். இதில்தான் பெண்களைப் பற்றியும் வருகிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சாப்பாட்டில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத்தானே பரிமாறுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பாஸ்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது குறைவு. கெட்டவர் இல்லை — இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். ராக்கம்மா அக்கா நெஞ்சுச் சளியோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து கட்டிலருகே நின்று ஜெபித்தவர். அந்த ஈரச் சட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொழும்பைப் பற்றிப் பேசினார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைக் குற்றமில்லை என்று ஆக்கச் சட்டத்தை மாற்றப் பேசுகிறார்களாம். வேதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று ரோமர் முதல் அதிகாரத்தை எடுத்தார்.

ராக்கம்மா அக்காவுக்கு ஒரு பழக்கம். பாஸ்டர் வாசிக்க வாசிக்க அவருடைய உதடும் கூடவே அசையும். புத்தகம் இல்லாமலே! காதால் கேட்டே அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம். படித்த எங்கள் பிள்ளைகளாலேயே முடியாது. அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

அன்றும் உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்றது. பாஸ்டர் தொடர்ந்து வாசித்தார்... உதடு அசையவில்லை. பிறகு மறுபடியும் வந்து சேர்ந்துகொண்டது.



ஆராதனை முடிந்தது. நான் உட்காரும் வாங்குகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த பாஸ்டரிடம் ராக்கம்மா அக்கா போனார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு நடுவுல ரெண்டு வசனம் சேத்து வாசிச்சிட்டீங்க."

பாஸ்டர் சிரித்துவிட்டார். "சேர்த்தோ? நான் ஒண்டும் சேர்க்கேல்லை அம்மா. இதிலை கிடக்கிறதைத்தான் வாசிச்சனான்."

"இல்லைங்கய்யா. அது அதுல இல்ல. அந்த அதிகாரம் எனக்குத் தண்ணி பட்ட பாடுங்க." சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து ஒப்பித்தார். கூட்டம் கூடிவிட்டது. "அப்புடிப் போடு ராக்கம்மா!" என்று யாரோ கைதட்டினார்கள். விட்ட இடம் வந்ததும், ஒரு மூச்சுகூட எடுக்காமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாண்டிப் போனார்.

"பாத்தீங்களா? அவ்வளவுதாங்க. ஒங்க புஸ்தகந்தான் வேறயா இருக்கும்."

பாஸ்டருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. திரும்பினார், என்னைக் கண்டார். "அண்ணை, இஞ்ச வாங்கோ. நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ. நான் வாசிச்சால் அம்மா நம்பமாட்டா."

புத்தகம் என் கையில். விரலை வைத்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு திணறி வாசித்ததில்லை. ஐந்தாம் வகுப்புதானே, திணறாமல் என்ன செய்வான் என்று எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.

முதல் வசனம் முடிந்ததுமே ராக்கம்மா அக்கா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வாசல் படியில் குடையோடு நின்ற எஸ்தர் அக்காவைப் பார்த்தார்.

"அப்ப... நீ எதுக்கு அத வாசிக்கல?"

பின்னால் இருந்து, எங்கள் லயத்துப் புஷ்பம்தான் பதில் சொன்னாள்:

"எதுக்கு வாசிப்பா? அது யாரப் பத்தின்னு அவளுக்குத் தெரியாதாக்கும்!"

யாரோ ஒருவர் சிரித்தார். ஒரே ஒரு சிரிப்பு. யாரும் கேட்காமல் காத்துவந்தது அவ்வளவும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்குப் பாஸ்டர் யாரையும் குறிவைக்கவில்லை. சபையில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வேதத்தில் இல்லாததை ஒருவர் வாசித்துவிட்டாரே என்று, வேதத்தின் மேல் இருந்த பிரியத்தில், ராக்கம்மா அக்காவே போய்ச் சொன்னார். அதுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பராவில் வாசிப்பு இல்லை. பேச்சு மட்டும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம். பொத்தவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டியா?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"மொத தடவையிலேருந்தே. நிமிந்து ஒன் மொகத்தப் பாத்தேன். கீரைய வச்சுக்கிட்டு சிரிச்சாப்ல ஒக்காந்திருந்த. எப்புடி வாசிக்கச் சொல்ற?"

"அது நம்மளத்தான் சொல்லுதா?"

அடுப்பில் விறகு தள்ளும் சத்தம் கேட்டது.

"எனக்கு அப்புடித்தான் பட்டுச்சு. அதான் விட்டேன்."

"அப்ப நரகமா எஸ்தரு?"

"தெரியலடி. சத்தியமாத் தெரியல. நீயாவது நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நரகந்தான்னு சொல்லியிருந்தாலும் நான் வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்த கேட்டியா நீ என்னைய?"

எஸ்தர் அக்கா அழுதது எனக்குக் கேட்டது. ராக்கம்மா அக்கா அழவில்லை.

மறுநாள் காலையில் ராக்கம்மா அக்கா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது புஷ்பம் விடவில்லை. "என்னா ராக்கம்மாக்கா, ஜோடி பிரிஞ்சு வந்துருக்கு? இன்னைக்கு மழ வந்தா யாரு குடையில போவீங்க?"

"ஓங் குடையிலதான்டி. இழுத்துப் புடிச்சு நட" என்று சொல்லிவிட்டு ராக்கம்மா அக்கா குடத்தைத் தூக்கினார். நல்ல பதில்தான். ஆனால் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

அப்படியே என் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நீயும் வாசிக்கத் தெரிஞ்ச ஆளு. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்க. ஒனக்கு இது தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாமோ? இன்னமும் யோசிக்கிறேன்.

"தெரியும்க்கா."

"ஓ." தலையை ஆட்டினார். "ஆளாளுக்கு என்னையப் பச்சப் புள்ளையாவே வச்சிருந்திருக்கீங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் பாஸ்டர் வந்தார். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனார். ராக்கம்மா அக்கா வேறு காம்பராவுக்கோ அண்ணன் வீட்டுக்கோ போகட்டும், இருவரும் பிரிந்து மனந்திரும்பினால் திருவிருந்துப் பந்தியில் சேர்க்கலாம், அதுவரை எஸ்தர் அக்காவின் ரொட்டி வேண்டாம் என்றார். பிறகு என் வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணை, நடுவிலை இந்த ஒரு சுவர்தானே. நீங்கள் எப்பவாவது... ஏதாவது கேட்டிருக்கிறியளோ?"

"கேட்டிருக்கேங்க."

நிமிர்ந்தார். "என்ன கேட்டனியள்?"

"பைபிள் வாசிக்கிறது கேக்குங்க. சில நேரம் உப்புக் கூடிப்போச்சுன்னு சண்ட கேக்கும்."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் அவையளை நினைச்சே பேசினனான் அண்ணை? கொழும்பிலை இருக்கிறவையளைப் பற்றித்தான் பேசினனான். இப்ப தெரிஞ்ச பிறகு நான் என்ன செய்யிறது? எழுதிக் கிடக்கு. நான் அழிக்கேலுமே?" அவர் கண் கலங்கியிருந்தது. டீயைக் குடிக்காமலே போனார்.

கொழும்பில் இருப்பவர்களைப் பற்றித்தான்! எல்லாப் பிரசங்கமும் அப்படித்தான் புறப்படுகிறது, இல்லையா? தூரத்தில், பெயர் தெரியாத ஆட்களை நோக்கி. போய் விழுவது மூன்றாவது வாங்கில் தலையில் முந்தானை போட்டு உட்கார்ந்திருப்பவர் மேல்.

எழுதியிருப்பது உண்மை. இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நானே விரல் வைத்து வாசித்தவன். அதற்கு என்ன அர்த்தம் என்று படித்தவர்கள் இரண்டு பக்கமாகவும் பேசுகிறார்களாம். அந்தச் சண்டைக்குள் போக எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் பாஸ்டரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. நேருக்கு நேர் பேச எனக்கு என்றைக்கு வந்தது? இங்கே கேட்கிறேன்.

அதே அதிகாரத்தில், அந்த இரண்டு வசனங்களுக்குக் கீழேயே ஒரு வரிசை வருகிறது. பேராசைக்காரர், பொறாமைக்காரர், புறங்கூறுகிறவர், வீம்பு பேசுகிறவர், பெற்றவர் சொல் கேளாதவர்... கடைசியில் இரக்கமில்லாதவர். அதை வைத்து யாரையாவது பந்தியிலிருந்து நிறுத்தியிருக்கிறோமா? நிறுத்தினால் வாங்கு வாங்காகக் காலியாகிவிடுமே! வாங்குகளை அடுக்குகிறவன் நான், எனக்குத் தெரியும். அதைத் தாண்டி அடுத்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? பிறனைக் குற்றவாளி என்று தீர்க்கிறவனே, உனக்கும் போக்குச் சொல்ல இடமில்லை என்று தொடங்குகிறது. அன்று பாஸ்டர் அதற்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டார்.

எஸ்தர் அக்கா இரண்டு வசனங்களை விட்டார். நாங்கள் மிச்சத்தை விட்டோம். யாருடைய வாசிப்பில் பிழை அதிகம்?

தெரியவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? ராக்கம்மா அக்கா போய்விட்டார்.

நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். புறப்படும் முன்னால் எஸ்தர் அக்கா என்னைக் கூப்பிட்டு, தன் பைபிளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். "நான் குடுத்தா வாங்கமாட்டா தம்பி. பஸ் ஏறுறப்ப நீ குடு." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹட்டன் பஸ் வந்து நின்றது. கொடுத்தேன். ராக்கம்மா அக்கா வாங்கினார். பொலித்தீனோடு சேர்த்துத் தடவிப் பார்த்தார். திருப்பி என் கையில் வைத்தார்.

"இத வச்சு நான் என்னா தம்பி செய்ய? அண்ணன் வீட்ல எல்லாரும் அம்மனக் கும்பிடுறவங்க. அங்க யாரு எனக்கு வாசிக்க?"

"பக்கத்துல கோயில் இல்லையாக்கா?"

"நடந்து போற தூரத்துல இல்ல." பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோபம் இல்லாத முகம். "எஸ்தர சளி புடிக்காமப் பாத்துக்கச் சொல்லு."

"திரும்பி வந்துருங்கக்கா."

"வந்து?" என்றார்.

பஸ் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஒரு சகோதரி வேதத்துக்குக் கீழ்ப்படிந்தார் என்று சொல்லி நன்றி ஜெபம் செய்தார். பேக்கரி நானாவின் பாணைப் பிட்டுக் கொடுத்தார்கள். கை நீட்டி வாங்கினேன். வாங்காமல் இருக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. எஸ்தர் அக்கா வரவில்லை. பாடல் பாடும்போது புஷ்பத்தின் குரல்தான் உயர்ந்து கேட்டது. அவளுக்கு நல்ல குரல்.

ராக்கம்மா அக்கா வேதத்தை முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் ஒன்றையும் விடக் கூடாது என்று எங்கள் சபை விரும்பியது. சரி. இனி அவருக்கு ஒரு வசனமும் விடுபடாது — வாசிக்கவே ஆளில்லை.

ஒரு வழியாக இதை எழுதி முடித்தது: குருத்தோலை ஞாயிறு, சாயங்காலம்.